தாமதம் பெட்டியிலா, கம்பியிலா?

கணினி, இணையம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். 2015இல் வாங்கிய மேசைக் கணினி வைத்திருக்கிறேன். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இணையம் பழைய தொலைபேசிக் கம்பி வழியாக வருகிறது. கணினியைப் போட்டுவிட்டுக் காபி குடித்து வந்தாலும் திரை தயாராக இருப்பதில்லை. மழை நாளில் இணையமும் விட்டுவிட்டு வருகிறது, தொலைபேசியில் கரகரப்பு. மகன் புதுக் கணினி வாங்கச் சொல்கிறான்; பக்கத்து வீட்டுக்காரர் வேறு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறச் சொல்கிறார். கணினிக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும். எதை முதலில் செய்வது?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: ஐயா, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகளை ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கணினி தயாராவதில் ஏற்படும் தாமதத்துக்கும் இணையத்துக்கும் சம்பந்தம் அனேகமாக இருக்காது. இணையக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினியைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே தாமதம் இருந்தால், எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அது தீராது. அடுத்து, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் என்ற பத்தி நெடுநேரம் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். கணினியின் வயதைப் பார்த்தால் நிற்கும் என்றே நினைக்கிறேன். சுழலும் தட்டின் மேல் ஓடி ஓடித் தேடிப் படிக்க வேண்டிய பழைய ஹார்ட் டிஸ்க், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும் விண்டோஸின் தொடக்க வேலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும், நகரும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியில் அந்தத் தேடல் கிடையாது.

ஆகவே முதல் செலவு 256 ஜிபி அளவிலான, சாட்டா வகை எஸ்எஸ்டி. இரண்டாவது, ரேமை 8 ஜிபியாக உயர்த்துவது. உங்கள் கணினியின் தலைமுறைக்கு உரியது டிடிஆர்3 ரேம். இப்போது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டிடிஆர்4, டிடிஆர்5 வகைகளில் வெட்டுப் பள்ளமே வேறு இடத்தில் இருப்பதால் அவை உங்கள் மதர்போர்டில் இறங்கவே இறங்காது. எனவே கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். இவ்விரண்டும் பொருத்துக் கூலியும் சேர்ந்து நீங்கள் குறித்த தொகைக்குள் அடங்கிவிடும். 'மதர்போர்டு, பிராசசர் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடலாம்' என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அது அவருடைய வியாபாரம். கடிதம் எழுதவும், வங்கிக் கணக்கு பார்க்கவும், யூடியூப் பார்க்கவும் பயன்படும் கணினிக்கு அந்தச் செலவு தேவையில்லை. டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க மட்டும் மறக்க வேண்டாம்.

மகன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும்; உங்கள் பிராசசர் நான்காம் தலைமுறை என்பதால் அதற்குப் பொருந்தாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். அது இலவசம்; தமிழ்99 விசைப்பலகையும் அதிலேயே இருக்கிறது; எஸ்எஸ்டி போட்ட உங்கள் கணினியில் நன்றாகவே ஓடும். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் வங்கி வேலை பார்ப்பதை மட்டும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி இணைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் ஃபைபர் என்று சொன்னது சரி. வேறு நிறுவனம் என்று சொன்னது அவ்வளவு உறுதியாகச் சரியென்று சொல்ல முடியாது. மழையில் வரும் கரகரப்பு, செப்புக் கம்பியின் இணைப்பு முடிச்சுகளில் ஈரம் புகுந்ததற்கான அடையாளம். உப்புக் காற்று படும் செம்பில் பச்சைக் களிம்பு ஏறுவதைப் பித்தளைப் பாத்திரம் வைத்திருக்கும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. பழைய கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு விலக விலக வேகமும் குறைந்துகொண்டே போகும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை; அதில் செல்வது ஒளி. அதில் களிம்பு ஏற எதுவும் இல்லை, சில கிலோமீட்டர் தூரமும் அதற்குப் பொருட்டில்லை. உங்களுக்கு இப்போது இணைப்புத் தரும் நிறுவனமே உங்கள் தெருவில் ஃபைபர் தருகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஆனால் ஃபைபர் என்றால் கடலோரத்தில் பழுதே வராது என்று எண்ணிவிடக் கூடாது. இழை கெடாது, அதைத் தாங்கும் பொருள்கள் கெடும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கேபிளில் தாங்குவதற்காக ஒரு கம்பி சேர்ந்திருக்கும். அது சாதாரண எஃகாக இருந்தால் துருவேறி அறுந்துவிடலாம். உலோகமில்லாத நார்த்தண்டு வைத்த கேபிள் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். கம்பத்துப் பெட்டியின் மூடி இறுகப் பூட்டுகிறதா என்று, இணைப்புத் தர வருபவர் ஏணியில் இருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிறுவனம் என்று முடிவெடுக்கும்போது விளம்பரத்தில் உள்ள வேகத்தைவிட, கம்பி அறுந்தால் யார் வந்து ஒட்டுகிறார், எத்தனை நாளில் வருகிறார் என்பதே முக்கியம். சென்ற வாடைக்கால மழையில் யாருடைய இணைப்பு நிற்காமல் இருந்தது என்று தெருவில் நாலு வீட்டில் கேளுங்கள். உங்கள் ராமேஸ்வரம் தீவுக்கு வரும் எந்தக் கம்பி இணைப்பும் பாம்பன் கடலைத் தாண்டியே வர வேண்டியிருப்பதால், எல்லாம் சேர்ந்து நின்ற நாளுக்கு எவரையும் குறை சொல்ல வேண்டாம். ஒருவருடையது மட்டும் நின்ற நாள்களே கணக்கு.

இரண்டு வேலைகளையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். முதலில் எஸ்எஸ்டி, பிறகு இணைப்பு. அப்போதுதான் எதனால் எது சரியானது என்பது தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். பின்கட்டு அறையிலிருந்து இரவில் வீடியோ அழைப்புப் பேசும்போது படம் உறைந்துவிடுகிறது. சோதித்தால் 20 எம்பிபிஎஸ்கூட வருவதில்லை. வேறு நிறுவனத்துக்கு மாற நினைக்கிறேன். உறவினர் அனைவருக்கும் தெரிந்த லேண்ட்லைன் எண்ணைக் கூடவே கொண்டுபோக முடியுமா?
– கீழக்கரை வாசகி

பதில்: அம்மா, மாறுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டர் இருக்கும் இடத்துக்கே மடிக்கணினியைக் கொண்டுபோய், லேன் கேபிளால் நேரடியாக இணைத்து, காலையில் ஒருமுறையும் நீங்கள் வழக்கமாகப் பேசும் இரவு நேரத்தில் ஒருமுறையும் வேகத்தைப் பாருங்கள். இரு நேரமும் 90க்கு மேல் வந்தால் நிறுவனத்தின் மேல் குற்றமில்லை. உங்கள் வீட்டுச் சுவர்தான் காரணம். கீழக்கரையின் பழைய வீடுகளில் உள்ள கனத்த சுவர்களைத் தாண்டிப் பின்கட்டுக்குச் சேரும்போது வைஃபை அலை மெலிந்துவிடும். அதிலும் வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைதான் முதலில் மெலியும், கருவி தானாகவே மெதுவான 2.4க்கு இறங்கிவிடும். முன் அறையிலிருந்து பின்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு சிறிய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது அந்த அறைக்கு வைஃபை தரும் கருவியாக வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. சுவரில் மாட்டும் ரிப்பீட்டர் விலை குறைவு. ஆனால் அது வாங்கிய அலையையே திரும்ப அனுப்புவதால் வேகத்தில் பாதி வரை விழுங்கிவிடக்கூடும்.

காலையில் நன்றாக வந்து இரவில் மட்டும் கேபிளிலேயே குறைந்தால், அது வேறு செய்தி. வீட்டு ஃபைபரில் ஒரே இழை, ஒளியைப் பிரிக்கும் பிரிப்பான் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடப் பகிரப்படும். அதற்கு அப்பால் ஊரிலிருந்து வெளியே செல்லும் பாதையின் அகலமும் போதாமல் போகலாம். அப்படியானால் மாறுவதில் பொருள் உண்டு. மாறும்போது இறக்கும் வேகத்தோடு ஏற்றும் வேகத்தையும் கேளுங்கள். உங்கள் முகம் அங்கே தெளிவாகத் தெரிவது ஏற்றும் வேகத்தைப் பொறுத்தது. இன்னொன்றும் கேட்க வேண்டும். சிற்றூர்களில் உள்ளூர் கேபிள்காரர் ஒருவரே இரண்டு நிறுவனங்களுக்கு முகவராக இருப்பதுண்டு. பெயர் மாறியும் கம்பமும் பாதையும் பழுது பார்க்கும் ஆளும் அதே என்றால், மாறியதன் பலன் பாதிதான்.

எண்ணைப் பொறுத்தவரை, கைபேசி எண்ணை நிறுவனம் மாற்றிக்கொண்டு போகும் வசதி 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி நடைமுறையில் இல்லை. ஆகவே புதிய இணைப்பு வந்த பிறகும் ஒரு மாதம் பழையதை வைத்திருந்து, உறவினர்களுக்குப் புதிய எண்ணைத் தெரிவித்துவிட்டுத் துண்டியுங்கள். துண்டிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். ரவுட்டர் நிறுவனத்துடையது என்றால் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வைப்புத்தொகையோ கடைசிக் கட்டணமோ தகராறானால், புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். புதிய நிறுவனத்தில் ஆண்டுக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஒரு மழைக்காலம் பார்க்காமல் கட்டாதீர்கள். சொல்லும் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: வீடு கடலை ஒட்டியிருக்கிறது. மழைக்காலம் வந்தால் கணினி பீப் ஒலி மட்டும் தருகிறது, திரையில் எதுவும் வருவதில்லை. புது மதர்போர்டு வாங்க வேண்டுமா?
– மூக்கையூர் வாசகர்

பதில்: வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு மீண்டும் பொருத்துங்கள். பீப் ஒலி நின்றுவிட்டால் குற்றம் அந்தப் பற்களில் படிந்த உப்பு ஈரத்தில்தான். காற்றில் வரும் உப்பு தூசியோடு சேர்ந்து போர்டில் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே பெட்டியைக் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து விலக்கி வையுங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் நாள்தோறும் சிறிது நேரம் ஓட விடுங்கள். உள்ளே எழும் சூடே ஈரத்தை வெளியேற்றும். அணைத்த உடனே பிளாஸ்டிக் உறையால் மூடக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் மின் கம்பியோடு, செப்புக் கம்பி மோடம் இருந்தால் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். மின்னலின் வீச்சு அவ்வழியாக நுழைந்து லேன் கேபிள் மூலம் மதர்போர்டு வரை சென்றுவிடும்.

கேள்வி: அரசு தந்த விலையில்லா மடிக்கணினியை மேம்படுத்த முடியுமா?
– தொண்டி மாணவி

பதில்: 2011இல் தொடங்கிய அத்திட்டத்தில் பல நிறுவனங்களின், பல மாதிரிகள் வழங்கப்பட்டிருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இல்லை. ஹார்ட் டிஸ்க் உள்ள மாதிரி என்றால், பெரும்பாலும் அதே இடத்தில் 2.5 அங்குல எஸ்எஸ்டி பொருந்தும். செலவு செய்யத் தக்க ஒரே மாற்றம் அதுதான். ரேமுக்கு இன்னொரு இடம் இருக்கிறதா என்று பின்மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகே வாங்குங்கள். உப்பியிருக்கும் பேட்டரியை மட்டும் உள்ளே விட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300க்கு உயர்த்தினேன். கைபேசியில் 250க்கு மேல் காட்டுகிறது. கணினியில் 95ஐத் தாண்டவில்லை.
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: லேன் கேபிளைப் பாருங்கள். கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு அதன் உள்ளே இருக்கும் எட்டுச் செப்புக் கம்பிகளும் சேர வேண்டும்; ஒரு கம்பியின் முனையில் களிம்பேறினாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடலாம். நல்ல கேட்5இ கேபிள் மாற்றியும் அதே அளவில் நின்றால், கணினியின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும். அதற்காகக் கணினியை மாற்ற வேண்டாம், யுஎஸ்பி 3.0 துளையில் செருகும் கிகாபிட் அடாப்டர் ஒன்று போதும்.