பஹாய்கள் மேல ஈரானுக்கு என்ன கோபம்?

கேள்வி: ஈரான்ல பஹாய் மதத்துக்காரங்கள இஸ்ரேல் உளவாளின்னு சொல்லி ஜெயில்ல போடறாங்களே, நெஜமாவே அப்படி ஏதாவது தொடர்பு இருக்கா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: சுத்தப் பொய்ங்க. அவங்க தலைமையகம் இப்ப இஸ்ரேல்ல இருக்கற ஹைஃபா நகரத்துல இருக்கு, அத வச்சு கட்டுன கதை. அந்த மதத்த நிறுவுன பஹாவுல்லாவ 1868ல கைதியா ஹைஃபா பக்கத்துல இருக்கற ‘அக்கா’ங்கற (Acre) ஊர் கோட்டைக்கு அனுப்புனதே அப்ப அந்தப் பகுதிய ஆண்ட ஒட்டோமான் (துருக்கி) அரசுதான், இஸ்ரேல் உருவானது 1948ல!

உண்மையான கோபம் வேற. முகமது நபிக்கப்புறம் இன்னொரு தூதர் வந்தாருன்னு பஹாய்கள் சொல்றத அங்க ஆட்சியில இருக்கற மதகுருமாரால ஏத்துக்கவே முடியல. அரசியல் சட்டத்துல ஜொராஸ்ட்ரியர் (நம்ம ஊர் பார்சிங்க மதம்), யூதர், கிறிஸ்தவர் மட்டும்தான் அங்கீகரிச்ச மதச் சிறுபான்மை, பஹாய்க்கு அதுல இடமே இல்ல, அதனால கோர்ட்டுக்குப் போனாலும் நியாயம் கெடைக்கறது கஷ்டம்.

1983 ஜூன்ல ஈரானோட ஷிராஸ் நகரத்துல பத்து பஹாய் பொம்பளைங்கள ஒரே ராத்திரில தூக்குல போட்டாங்க, அதுல ஒரு பொண்ணுக்கு வெறும் 17 வயசுங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு மத வகுப்பு எடுத்ததெல்லாம் அவ மேல குத்தம். மதத்த விட்டுட்டேன்னு சொன்னா விட்டுடறோம்னாங்க, யாரும் சொல்லல. எழுதறப்பவே மனசு ஆறல.

கேள்வி: அவங்க பிள்ளைங்க காலேஜ் போக முடியுமா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: பஹாய்னு தெரிஞ்சா யுனிவர்சிட்டில இருந்து வெளிய அனுப்பணும்னு 1991ல அரசு ரகசியமா போட்ட உத்தரவே இருக்கு. 1987லயே அவங்களா ஒரு கல்வி நிறுவனம் ஆரம்பிச்சு வீட்டு ஹால்லயும் தபால்லயும் பாடம் நடத்துனாங்க, இப்ப ஆன்லைன்ல ஓடுது. 2011ல அதுலயும் ரெய்டு விட்டு வாத்தியாருங்கள ஜெயில்ல போட்டாங்க, அப்பவும் கிளாஸ் நிக்கல.