தாய்க்குரங்கு குட்டியை இடப்பக்கமே அணைப்பது ஏன்?

வலக்கை வேலைக்குத் தேவைப்படுவதால்தான் குட்டி இடப்பக்கம் போகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. லீ சால்க் என்ற அமெரிக்க உளவியலாளர் நியூயார்க் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் ஒரு ரீசஸ் தாய்க்குரங்கைக் கவனித்தபோது, 42 தடவையில் 40 தடவை குட்டி இடப்பக்கம்தான் இருந்தது. அப்புறம் அவர் மனிதத் தாய்மார்களையும் பார்த்தார்: வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் 83 சதவீதம், இடக்கைப் பழக்கமுள்ளவர்களிலும் 78 சதவீதம் பேர் குழந்தையை இடப்பக்கமே அணைத்தார்கள்.

தாயின் இதயத்துடிப்பு கேட்டுக் குட்டி அமைதியாகும் என்பது சால்க்கின் விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இன்று வலுவாகத் தெரிவது மூளை சார்ந்த விளக்கம்தான். இடப்பக்கப் பார்வையில் விழுவது முதலில் மூளையின் வலப்பாதிக்குப் போகிறது. முகத்தில் தெரியும் உணர்ச்சியைப் படிப்பதில் அந்தப் பாதிதான் கெட்டி. குட்டி இடப்பக்கம் இருந்தால் அதன் சிணுங்கலும் முகச்சுளிப்பும் தாய்க்குச் சட்டென்று பிடிபடும்.

இன்னும் சுவாரசியமானது குட்டியின் பங்கு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் குதிரை, கங்காரு, வால்ரஸ் உட்பட 11 பாலூட்டி இனங்களின் குட்டிகள் தாயைத் தங்கள் இடக்கண் பக்கமே வைத்துக்கொள்ள விரும்பியது தெரிந்தது, இவற்றில் பலவற்றுக்குத் தூக்கிச் சுமக்கக் கையே கிடையாது! சரி, எல்லாக் குரங்கும் இப்படித்தானா என்றால் இல்லை; சிம்பன்சி, கொரில்லாவில் இடச்சாய்வு ஓரளவு தெளிவாகத் தெரிகிறது, மற்ற குரங்குகளில் இனத்துக்கு இனம், தாய்க்குத் தாய் மாறுகிறது.