அறிபுனைப் படங்கள்: கேட்டதும் சொன்னதும்

கே: விண்வெளிச் சண்டை என்றாலே தியேட்டர் நாற்காலி அதிர்கிறது. காற்றே இல்லாத இடத்தில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறது? (கும்பகோணம் வாசகர்)

ப: ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்துதான்! 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தில் எதிரி விமானங்கள் சீறிக்கொண்டு பாய்வது, யானைப் பிளிறலோடு ஈரச் சாலையில் கார் ஓடும் சத்தத்தைக் கலந்து ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் செய்தது. ஒளிவாளின் ரீங்காரத்துக்குப் பழைய புரொஜெக்டரின் மோட்டார் முனகலும் டிவி பிக்சர் ட்யூப் கிளப்பிய இரைச்சலும் போதுமாக இருந்தன. அந்தக் கலவையை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, எதிரே மைக்கை வாள்போல வீசி மறுபடி பதிவுசெய்தார். வாள் சுழலும்போது ஒலி ஏறி இறங்குவது அதனால்தான்.

அறிவியலுக்கு உண்மையாக நடந்துகொண்ட படங்களும் உண்டு. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) வெளியே மௌனத்தையும் விண்வெளிக் கவசத்துக்குள் மூச்சுச் சத்தத்தையும் மட்டும் வைத்தது. 'கிராவிட்டி' (2013) இன்னும் நுட்பமானது: நாயகி கைவைத்த பொருளின் அதிர்வு கையுறை வழியாக ஏறி வந்தால்தான் நமக்கும் கேட்கும். மேஜையில் காதை அழுத்திக்கொண்டு, மறுமுனையை யாரையாவது நகத்தால் சுரண்டச் சொல்லுங்கள். அந்தப் படத்தின் ஒலி வடிவமைப்பு உடனே புரிந்துவிடும்.

கே: கவசம் கிழிந்தால் ஆள் பலூன்போல வெடிப்பாரா, ஐஸ்கட்டி ஆவாரா? என் மகனுக்கும் மகளுக்கும் சண்டை. (தென்காசி வாசகி)

ப: இருவரையும் சமாதானமாகப் போகச் சொல்லுங்கள், இரண்டுமே நடக்காது. உடம்பு வீங்கும், ஆனால் வெடிக்காத அளவுக்குத் தோல் உறுதியானது. உறைவதற்கும் நேரம் பிடிக்கும். வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகச் சுற்றிலும் காற்று இல்லையே. பிளாஸ்க்கில் காபி சூடாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆளைச் சாய்ப்பது ஆக்சிஜன் இல்லாத ரத்தம். அது மூளைக்குப் போய்ச் சேர 10 முதல் 15 விநாடி போதும். 1966-இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் சோதனை நடந்தபோது, தொழில்நுட்பர் ஜிம் லெப்ளாங்க் அணிந்திருந்த கவசத்தின் காற்றுக்குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 விநாடியில் நினைவு தப்பியது. நாக்கில் எச்சில் கொதித்ததுதான் அவருக்குக் கடைசியாக ஞாபகம். அறைக்குள் உடனே காற்றை நிரப்பியதால் பிழைத்தார். ஒன்றிரண்டு நிமிடம் தாமதமானால் உயிர் மிஞ்சாது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: மூச்சை அடக்குவது. வெளியே அழுத்தம் போனதும் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து திசுவைக் கிழித்துவிடும். '2001'-இல் தலைக்கவசம் இல்லாமல் கப்பலுக்குள் பாயும் காட்சியில் நாயகன் மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோலத் தெரியும். அவ்வளவு கவனமாக எடுத்த படத்தில் இது ஒரு சறுக்கல். வாயைத் திறந்து மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும்.

கே: 'தி மார்ஷியன்' படத்தில் வரும் புயல் செவ்வாயில் உண்மையாகவே அடிக்குமா? அந்த உருளைக்கிழங்கு விளையுமா? (ஈரோடு வாசகர்)

ப: புயல் அடிக்கும், ஆனால் ராக்கெட்டைச் சாய்க்காது. படத்துக்கு மூலமான ஆண்டி வியரின் நாவலில் காற்றின் வேகம் மணிக்கு 175 கி.மீ. செவ்வாயின் காற்று பூமிக் காற்றைவிட ஏறக்குறைய 60 மடங்கு அடர்த்தி குறைந்தது. காற்று தள்ளும் விசை, அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஆகவே 60-இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 7.7-ஆல், வேகத்தை வகுங்கள். நம் ஊர்க் கணக்கில் 23 கி.மீ. கூட வராது. கொடியில் போட்ட துணி படபடக்கும், அவ்வளவுதான். இது வியருக்கும் தெரியும். முதல் அடியைச் செவ்வாயே கொடுக்கட்டும் என்று தெரிந்தே வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் குறையில்லை. அந்த ஒரு பொய்யைக் கடன் வாங்கிவிட்டு, மீதிக் கதை முழுக்கக் கணக்கோடு நடக்கிறது.

செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட நாயகன் உருளைக்கிழங்குப் பயிருக்குத் தண்ணீர் தயாரிக்கும் இடத்தைப் பாருங்கள். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனை இரிடியம் வினையூக்கியின்மேல் விட்டால் நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரியும். ஹைட்ரஜனை எரித்தால் தண்ணீர். 1 கிலோ ஹைட்ரசீனுக்கு 1 கிலோ ஆக்சிஜன் செலவாகி, சுமார் 1.1 கிலோ தண்ணீர் கிடைக்கும். வேதியியல் கணக்கு இடிக்கவில்லை. அங்கே நடக்கும் வெடிவிபத்தும் சரியே. நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், விடும் மூச்சில் ஏறக்குறைய 16. நாயகன் மாஸ்க் வழியாகச் சுவாசித்து வெளியே விட்ட ஆக்சிஜனைக் கணக்கில் சேர்க்க மறந்ததுதான் வினையானது.

மண்ணில்தான் சிக்கல். அங்கே பெர்குளோரேட் உப்புகள் இருப்பதை ஃபீனிக்ஸ் விண்கலம் 2008-இல் கண்டுபிடித்தது. உடம்பில் சேர்ந்தால் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். தண்ணீரில் எளிதாகக் கரைவதால் மண்ணை முதலில் அலசி வடித்துவிடலாம். அதற்கும் நிறைய ஹைட்ரசீன் வேண்டும்!

கே: 'ஸ்டார் ட்ரெக்'கில் ஆட்கள் மினுமினுத்து மறைகிறார்களே, அது என்ன தொழில்நுட்பம்? (மதுரை வாசகி)

ப: சிக்கனத் தொழில்நுட்பம். 1966-இல் தொடங்கிய அந்தத் தொடருக்கு, வாரா வாரம் ஒரு கிரகத்தில் கப்பல் இறங்குவதைப் படமாக்கப் பணம் போதவில்லை. ஆளையே கரைத்து அனுப்பிவிட்டார்கள். மினுமினுப்பு, ஒளிக்கற்றையில் கொட்டிய அலுமினியத் தூள். பிற்பாடு, ஒரு துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற ஹைசன்பர்க்கின் குவாண்டம் விதியைக் காட்டி ரசிகர்கள் மடக்கியபோது, 'ஹைசன்பர்க் ஈடுசெய்யி' என்று ஒரு உதிரிப்பாகத்தைக் கதையில் சேர்த்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, பின்னால் வந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களின் வடிவமைப்பாளர் மைக்கேல் ஒகுடா "மிக நன்றாகவே" என்று பதில் சொன்னார்.

கே: சினிமா சொல்லி விஞ்ஞானம் கேட்டதுண்டா? (நாகர்கோவில் வாசகர்)

ப: ராக்கெட் ஏவும்போது தலைகீழாக எண்ணுகிறோமே, அது 1929-இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'ஃபிராவ் இம் மோண்ட்' (நிலவில் பெண்) என்ற ஜெர்மன் மௌனப் படத்தில் வந்தது. பேச்சில்லாத படம் என்பதால் எண்கள் திரையில் எழுத்தாகக் குறைந்துகொண்டே வரும். ராக்கெட் முன்னோடி ஹெர்மன் ஓபெர்த் அதற்கு ஆலோசகர். அடுக்கடுக்காகக் கழன்று விழும் ராக்கெட்டும், எடையில்லாமல் மிதக்காமலிருக்கத் தரையில் கால் மாட்டும் பட்டைகளும்கூட அதில் உண்டு. படத்தின் விளம்பரத்துக்காக ஓபெர்த் நிஜ ராக்கெட் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். முதல் காட்சிக்குள் அது முடியவில்லை. 1942-இல் முதன்முறை வெற்றிகரமாகப் பறந்த, ஜெர்மனியின் போர் ராக்கெட்டான வி-2-இன் அடிப்பக்கத்தில் அந்தப் படத்தின் சின்னத்தை வரைந்திருந்தார்கள்.