எடை அப்படியே இருக்கிறது, தொடை ஏன் மெலிகிறது?

கேள்வி: வயது 54. பன்னிரண்டு ஆண்டுகளாக வாரம் 5 நாள், 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். எடை அதே 68 கிலோ. ஆனால் பேண்ட் இடுப்பில் இறுக்குகிறது, தொடையில் தொளதொளக்கிறது. வீட்டு எடை மெஷின் கொழுப்பைக் காலையில் ஒன்றாகவும் ஓடிவிட்டு வந்தால் வேறாகவும் காட்டுகிறது. ஓட்டத்தைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். தசை போன இடத்தில் கொழுப்பு வந்திருக்கிறது. அதனால்தான் எடையில் தெரியவில்லை. முப்பதைத் தாண்டினால் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறையும். பலம் அதைவிட வேகமாகக் குறையும். முதலில் சுருங்குபவை, பாரம் தூக்கவும் தடுக்கி விழாமல் சட்டென்று காலூன்றவும் உதவும் வேக இழைகள். ஒரே சீராக ஓடும்போது அவற்றுக்கு அதிகம் வேலையில்லை. உங்கள் இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கலாம், தொடை அப்படியல்ல.

மெஷினை நம்பாதீர்கள். அது பாதம் வழியாக மெல்லிய மின்சாரம் அனுப்பி, உடம்பு தரும் தடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. நீர் வற்றினாலும் தோல் வியர்த்திருந்தாலும் கணக்கு புரளும். இஞ்ச் டேப் போதும்: வயிறு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடி ஆனால் கால் பலம் குறைவு என்று பொருள். ஓடுகிறவருக்கு அதைவிட நன்றாகக் குறைவாகவே ஆக வேண்டும்.

ஓட்டத்தில் இரண்டு நாளைக் குறைத்து, அன்று எடைப் பயிற்சி செய்யுங்கள். நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (முதுகை நேராக வைத்துத் தரையிலிருந்து எடையைத் தூக்குவது), குதிகால் உயர்த்துதல், கையால் எடையைத் தள்ளும் பயிற்சி ஒன்று, இழுக்கும் பயிற்சி ஒன்று. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, மூன்று செட். கடைசி இரண்டு முறை திணற வேண்டும். 12 எளிதாக வந்தால் எடையைச் சற்றுக் கூட்டுங்கள். மாதக்கணக்கில் அதே 5 கிலோ டம்பெல்லோடு நிற்பதுதான் பலரும் செய்யும் தவறு. இரத்த அழுத்தம் இருந்தால் மூச்சைப் பிடிக்காதீர்கள்.

அடுத்தது காலைச் சாப்பாடு. நாலு இட்லி, சாம்பாரில் புரதம் 15 கிராமைத் தாண்டாது. வயதான தசைக்கு ஒரு வேளைக்கு 25 கிராமாவது வேண்டும். கூட இரண்டு முட்டை வைத்துக்கொள்ளுங்கள். சைவமென்றால் உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமிலேயே ஏறக்குறைய அந்த 25 கிராம் புரதம் கிடைக்கும். உங்கள் எடைக்கு நாளைக்கு மொத்தம் 82 முதல் 109 கிராம் வரை புரதம் வேண்டும். தொப்பைக்குப் பயந்து இரவுச் சாப்பாட்டையே விட்டால் தசைதான் இன்னும் கரையும். சிறுநீரக நோய் இருந்தால் இந்த அளவு பொருந்தாது. முதலில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

இரண்டு தொடையையும் முழங்காலுக்கு 15 சென்டிமீட்டர் மேலே அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தெளிவாக மெலிந்திருந்தால் அது வயதால் அல்ல. முழங்காலையோ முதுகு நரம்பையோ பார்க்க வேண்டும். எடையும் சேர்ந்து இறங்கத் தொடங்கினால் சர்க்கரையும் தைராய்டும் சோதியுங்கள்.