அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போட்டியிடும் வேட்பாளரின் பின்னணியை ஒரு வாக்காளர் அறிவது எப்படி?

கேள்வி: சிகாகோவின் புறநகரான ஷாம்பர்கில் வசிக்கிறேன். நீண்ட காத்திருப்புக்குப் பின் சென்ற ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. 2026 மார்ச் மாதம் நடக்கும் பிரைமரியில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில்) முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். எங்கள் 8ஆம் தொகுதியின் உறுப்பினர் செனட் இடத்துக்குப் போட்டியிடுவதால், பிரதிநிதிகள் சபைக்கான இடத்துக்குப் பலர் நிற்கிறார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. தபால்பெட்டியில் வந்து விழும் துண்டறிக்கைகளில் எல்லோரும் குடும்பத்தோடு சிரிக்கிறார்கள், எல்லோரும் விலைவாசியைக் குறைப்பதாகச் சொல்கிறார்கள். கோவிலில் சந்திக்கும் நண்பர்களோ, "நம்ம ஆள், யோசிக்காமல் போடுங்கள்" என்கிறார்கள். ஒரு வேட்பாளரின் உண்மையான பின்னணி என்ன, எதற்காக நிற்கிறார், வென்றால் எதற்கு முன்னுரிமை தருவார் என்பதை என்னைப் போன்றவர் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நம் ஊர்த் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே வந்ததும் முதலில் தேடுவது, வேட்புமனுவோடு இணைக்கப்படும் பிரமாணப் பத்திரத்தைத்தான். படிப்பு, சொத்து, கடன், நிலுவையிலுள்ள வழக்குகள் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தரும் அந்தப் பத்திரத்துக்கு நிகரான ஒன்று அமெரிக்காவில் இல்லை. 25 வயது நிறைந்திருக்க வேண்டும், ஏழு ஆண்டுகளாகக் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும், தேர்ந்தெடுக்கப்படும் நேரத்தில் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற மூன்றைத் தவிரப் பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கு அரசமைப்பு வேறு தகுதி எதையும் விதிக்கவில்லை. தொகுதிக்குள் குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. என்ன படித்தார், எங்கே வேலை பார்த்தார், அவர்மீது வழக்கு உண்டா என்று வேட்பாளரைச் சத்தியம் செய்து சொல்லச் சொல்லும் கூட்டாட்சிப் படிவம் எதுவும் இல்லை. ஆகையால் துண்டறிக்கையில் இருக்கும் வாழ்க்கைக் குறிப்பை யாரோ அரசு அதிகாரி சரிபார்த்திருப்பார் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள்.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை நியூயார்க்கின் 3ஆம் தொகுதி 2022இல் காட்டியது. பாரூக் கல்லூரியில் பட்டம் பெற்றதாகவும், கோல்ட்மேன் சாக்ஸ், சிட்டிகுரூப் ஆகிய நிறுவனங்களில் பணியாற்றியதாகவும் சொல்லி வாக்குக் கேட்ட ஜார்ஜ் சாண்டோஸ் வென்றுவிட்டார். அவை எதுவும் உண்மையல்ல என்ற விவரம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளியானபோது டிசம்பர் மாதம் பாதி கடந்துவிட்டிருந்தது. எனக்கு இதில் உறுத்துவது அவருடைய பொய்யைவிட, தேர்தலுக்கு முன்பே பொதுப்பார்வையில் கிடந்த ஒரு காகிதம்தான். 2020இல் முதல்முறை போட்டியிட்டபோது அவர் தாக்கல் செய்த நிதி விவர அறிக்கையில் ஆண்டு ஊதியம் 55,000 டாலர், சொத்து எதுவும் இல்லை. 2022இல் காலம் கடந்து தாக்கல் செய்த அறிக்கையில் ஊதியம் 7,50,000 டாலர். கூடவே பத்து லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சொந்த நிறுவனம் ஒன்று. இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த லாங் ஐலண்டின் சிறிய வார இதழான நார்த் ஷோர் லீடர், இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று செப்டம்பர் மாதமே கேட்டது. கேட்டது பலர் காதில் விழவில்லை. 2023 டிசம்பர் 1 அன்று 311க்கு 114 என்ற வாக்குகளில் சபை அவரை வெளியேற்றியது.

எனவே உங்கள் தேடலையும் அந்த அறிக்கையிலிருந்தே தொடங்குங்கள். பிரச்சாரத்துக்காக 5,000 டாலருக்கு மேல் திரட்டியோ செலவிட்டோ இருக்கும் ஒவ்வொரு சபை வேட்பாளரும் தன் நிதி விவரத்தைச் சபையின் செயலர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் யாரும் இலவசமாகப் படிக்கலாம். சொத்து மதிப்புகள் துல்லியமான எண்களாக இருக்காது, வரம்புகளாகவே இருக்கும். 10,00,001 டாலரிலிருந்து 50,00,000 டாலர் வரை ஒரே கட்டம் என்பதால், ஒருவர் எவ்வளவு பணக்காரர் என்று இதை வைத்துச் சரியாகக் கணக்குப் போட முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: 5,000 டாலருக்கு மேல் ஊதியம் தந்தவர்களின் பட்டியல், எந்தெந்த அமைப்புகளில் பொறுப்பு வகிக்கிறார் என்ற பட்டியல். "சிறுதொழில் முனைவோர்" என்று துண்டறிக்கை சொல்கிறது, ஊதியம் தந்தவர்களின் பட்டியலிலோ ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் மட்டும் இருக்கிறது என்றால், அது குற்றமில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. அறிக்கையே தாக்கலாகவில்லை என்றாலும் கேட்கலாம். தாமதத்துக்கான கட்டணம் வெறும் 200 டாலர் என்பதால் சிலர் இதைப் பொருட்படுத்துவதில்லை.

தொழில் சார்ந்த உரிமைகோரல்களைச் சரிபார்க்க இல்லினாய் மாநிலத்திலேயே வசதி உண்டு. வழக்கறிஞர் என்று சொல்பவரை மாநிலத்தின் வழக்கறிஞர் பதிவு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்திலும், மருத்துவர், செவிலியர் போன்றோரை மாநிலத் தொழில் உரிமத் துறையின் தளத்திலும் தேடினால், உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் தொகுதி குக், டூபேஜ், கேன் ஆகிய மூன்று கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) பரவியிருப்பதால், வழக்குகளுக்கு அந்தந்த கவுண்டி நீதிமன்ற எழுத்தரின் பதிவுகளைப் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பட்டேல், ஷா போன்ற பெயர்களில் இந்தத் தேடலை வைத்து அவசர முடிவுக்கு வருவது பெரும் அநியாயமாகிவிடும்.

அடுத்தது பணம். வேட்பாளரின் நோக்கத்தை அவர் பேச்சைவிடக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்திலுள்ள கணக்குகள் நன்றாகச் சொல்லும் என்பது என் அனுபவம். ஒவ்வொரு பிரச்சாரக் குழுவும் தன் வரவு செலவைக் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறது. பிரைமரிக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் இன்னொரு அறிக்கையும் வரும். முதலிலுள்ள சுருக்கப் பக்கமே போதுமானது. மொத்த நன்கொடையில் 200 டாலருக்கு உட்பட்ட சிறுதொகைகள் எவ்வளவு, பெயர் சொல்லித் தரப்பட்ட பெருந்தொகைகள் எவ்வளவு, அரசியல் நடவடிக்கைக் குழுக்கள் (நிறுவனங்களும் சங்கங்களும் வேட்பாளர்களுக்குப் பணம் தர அமைப்பவை) தந்தது எவ்வளவு, வேட்பாளர் தானே போட்டது எவ்வளவு என்பவை தனித்தனி வரிகளில் இருக்கும். தனிநபர் ஒருவர் 2025–26 சுற்றில் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர்வரை தரலாம். பிரைமரியும் பொதுத்தேர்தலும் தனித்தனித் தேர்தல்கள் என்பதால் மொத்தம் 7,000 ஆகும். பெருந்தொகை தந்தவர்களின் ஊர், தொழில், வேலை பார்க்கும் இடம் ஆகியவையும் அங்கேயே இருக்கும். ஷாம்பர்க், எல்ஜின், பாலடைன் என்று உள்ளூர்ப் பெயர்கள் கணிசமாக இருக்கின்றனவா, அல்லது கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும்தான் நிரம்பியிருக்கின்றனவா என்று ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். வெளிமாநிலப் பணம் என்றாலே தவறு என்று நான் சொல்லவில்லை. இந்திய வம்சாவளி வேட்பாளர்களுக்கு நாடெங்கிலுமுள்ள உறவும் நட்பும் கொடுப்பது இயல்புதான். தொகுதிக்குள் கொடுப்பவர் அநேகமாக யாருமே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

வேட்பாளர் தன் சொந்தப் பணத்தைப் போட்டிருந்தால், அது நன்கொடையா, கடனா என்று பாருங்கள். இந்த வேறுபாட்டைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. கடனாகக் காட்டிய தொகையை வென்ற பிறகு புதிதாக நன்கொடை திரட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்படித் திரட்டுவதற்கு இருந்த 2,50,000 டாலர் வரம்பையும் உச்ச நீதிமன்றம் 2022இல் நீக்கிவிட்டது. "யாரிடமும் கை நீட்டாமல் என் சொந்தப் பணத்தில் நிற்கிறேன்" என்று மேடையில் சொல்பவர், நாளை யாரிடம் கை நீட்டி அதை வசூலிப்பார் என்று நீங்கள் கேட்கலாம். செலவுப் பக்கமும் சில நேரம் பேசும். ரசீது வைத்திருக்க வேண்டிய வரம்பு 200 டாலர் என்றிருக்க, சாண்டோஸின் கணக்கில் 199.99 டாலர் என்ற தொகை திரும்பத் திரும்ப வந்திருந்தது.

துண்டறிக்கைகளையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில், இதற்குப் பணம் கொடுத்தது யார் என்ற வரி இருக்கும். வேட்பாளரின் பிரச்சாரக் குழுவின் பெயர் இருந்தால் அது அவருடையது. எந்த வேட்பாளரின் ஒப்புதலும் பெறாதது என்று குறிப்பிட்டு வேறொரு அமைப்பின் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் வரம்பின்றிப் பணம் திரட்டக்கூடிய சூப்பர் பேக் ஒன்றின் வேலை. அந்த அமைப்பின் பெயர் எப்போதும் இனிமையாக, எதையும் வெளிக்காட்டாததாக இருக்கும். அதே ஆணையத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் பின்னால் இருக்கும் துறை எது என்று பல நேரங்களில் தெரியும்.

"எதற்காக நிற்கிறார்" என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஆவணம் கிடையாது, ஆனால் ஒரு வழி உண்டு. எல்லா வேட்பாளர்களிடமும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதை நெஞ்சைத் தொடுகிறதா என்று பார்க்காமல், அதற்கும் தேர்தலில் இறங்கும் முன் அவர் தன் நேரத்தைச் செலவிட்ட இடங்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தொகுதியின் உறுப்பினர் ராஜா கிருஷ்ணமூர்த்தியையே எடுத்துக்கொள்வோம். 1973இல் டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். தந்தைக்குப் பியோரியாவில் பேராசிரியர் வேலை அமையும் முன் குடும்பம் சிறிது காலம் அரசுக் குடியிருப்பையும் உணவு உதவியையும் நம்பியிருந்தது என்று அவர் மேடைகளில் அடிக்கடி சொல்வார். அந்தக் கதையோடு வைத்துப் பார்க்க அவருடைய பதிவேட்டில் சில வரிகள் உண்டு: மாநிலத்தின் வீட்டுவசதி மேம்பாட்டு ஆணையத்தில் உறுப்பினர், மாநிலத் துணைக் கருவூலர், பராக் ஒபாமாவின் 2004 செனட் பிரச்சாரத்தில் கொள்கைப் பொறுப்பாளர். 2010இல் மாநிலக் கணக்காளர் பதவிக்கான பிரைமரியிலும், 2012இல் இதே 8ஆம் தொகுதியின் பிரைமரியில் டாமி டக்வொர்த்திடமும் தோற்று, 2016இல்தான் வென்றார். இரண்டு தோல்விக்குப் பிறகும் அதே ஊரில் இருந்தது, பதவி மீதான ஆசையையும் காட்டலாம், ஊர் மீதான பிடிப்பையும் காட்டலாம். இரண்டும் ஒருவரிடமே இருக்க முடியாது என்றில்லை.

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் வேறு பாதையில் வந்தவர். நிதித் துறையில் பகுப்பாய்வாளராகத் தொடங்கிய அவர், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் குடியேறிகள் மீதான வெறுப்புக்கு எதிராகச் சியாட்டிலில் ஓர் அமைப்பைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் அதை நடத்தி, மாநில செனட்டில் இருந்து, அதன் பிறகே 2016இல் சபைக்கு நின்றார். குடியேற்றம்தான் அவருடைய முதல் அக்கறை என்பதை அறிய எவரும் அவர் துண்டறிக்கையைப் படிக்கத் தேவையிருந்திருக்காது. இருவரின் கொள்கைகளும் உங்களுக்கு உடன்பாடா இல்லையா என்பது தனிக் கேள்வி. முன்வரலாறு பேச்சோடு ஒத்துப்போகிறது என்பது நம்பகத்தன்மைக்குச் சான்று, கொள்கை சரி என்பதற்குச் சான்றல்ல. "நம்ம ஆள்" என்ற வாதத்துக்கும் இதே பதில்தான்: நம் ஆள் என்பது அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்கிறது, 435 பேர் கொண்ட சபையில் எந்தப் பக்கம் வாக்களிப்பார் என்பதைச் சொல்வதில்லை.

முன்னுரிமைகளுக்கு வருவோம். வேட்பாளரின் தளத்தில் பதினைந்து தலைப்புகள் இருந்தால் அவருக்கு முன்னுரிமை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில், அவர் வாக்குறுதி தரும் விஷயம் அந்தப் பதவியின் கைக்குள் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டின் சொத்து வரியையும் பள்ளியின் பாடத்திட்டத்தையும் முடிவு செய்வது பள்ளி மாவட்டமும் கவுண்டியும் மாநிலமும். காங்கிரஸ் உறுப்பினர் அதைக் குறைப்பதாகச் சொன்னால் அவர் தெரியாமல் சொல்கிறார், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்கிறார். கூட்டாட்சி வருமான வரி, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், குடியேற்றச் சட்டம் ஆகியவைதான் அவருடைய களம்.

மிஞ்சுவதை ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: எந்த மசோதாவை முன்மொழிபவர்களில் ஒருவராகக் கையெழுத்திடுவீர்கள், சபையின் எந்தக் குழுவில் இடம் கேட்பீர்கள்? நீங்களே நீண்ட காலம் காத்திருந்தவர் என்பதால் கிரீன் கார்டையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். "தேக்கத்தைத் தீர்ப்பேன்" என்று இந்தியர்கள் கூடும் எல்லாக் கூட்டத்திலும் எல்லா வேட்பாளரும் சொல்வார்கள். வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று பெருவாரியாக நிறைவேறியது; 2020 டிசம்பரில் செனட் தன் திருத்தங்களோடு வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது; இரண்டையும் ஒன்றாக்க முடியாமல் அது சட்டமாகவில்லை. இந்த வரலாறு தெரிந்த வேட்பாளர், எந்த இடத்தில் அது சிக்கியது, அந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பார், குடியேற்றத்தைக் கையாளும் நீதித்துறைக் குழுவில் இடம் கேட்பாரா என்று பேசுவார். தெரியாதவர் தன் பெற்றோர் இரண்டு பெட்டிகளோடு விமான நிலையத்தில் இறங்கிய கதையைச் சொல்வார். உங்களுக்கு முக்கியமானது மருந்து விலையோ கல்விக் கடனோ என்றாலும் கேள்வியின் வடிவம் இதுவேதான். நேரில் கேட்க வாய்ப்பில்லை என்றால் பிரச்சார அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரைமரிக்கு முன் எல்லோரும் பதில் போடுவார்கள். போட்டியாளர்களில் மாநிலச் சட்டமன்றத்திலோ கவுண்டி வாரியத்திலோ ஏற்கெனவே இருப்பவர் உண்டு என்றால், அவர் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு அந்தந்த அவைகளின் தளத்திலேயே கிடைக்கும்; அவருக்கு மின்னஞ்சலைவிட அதுவே நல்ல பதில்.

நடைமுறைக்கு இரண்டு செய்திகள். இல்லினாயில் பிரைமரியன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று வாக்குச்சாவடியில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது ரகசியம், ஆனால் எந்தக் கட்சியின் சீட்டை வாங்கினீர்கள் என்பது பொதுப்பதிவில் ஏறும். மற்றொன்று, தேர்தலுக்கு முந்தைய இருபது நாட்களில் வேட்பாளருக்கு வரும் 1,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட நன்கொடைகளை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. காலாண்டுக் கணக்கில் வராமல் தள்ளிப்போடப்பட்ட பணம் அந்த நாட்களில்தான் வந்து சேரும். ஆகவே முன்கூட்டியே வாக்களிக்கும் வசதி இருந்தாலும் அவசரப்படாமல், கடைசி வாரக்கடைசியில் ஒரு முறை அந்த அறிக்கைகளைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.