ஒன்பதாவது வரி: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சிறிய செயற்கைக்கோள்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் ஆறு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். என்னைத் தவிர எல்லாருக்கும் முப்பதுக்குள் வயது. வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் "செய்ததை எழுதி ஒரு மாநாட்டுக்கு அனுப்புங்கள்" என்றால், "இதில் எழுத என்ன சார் இருக்கிறது" என்று நழுவிவிடுகிறார்கள். இந்த முறை ஒரு பெண்ணை விடாப்பிடியாக எழுதவைத்தேன். செயற்கைக்கோள் பேட்டரியின் வெப்பநிலை பற்றிய வேலை. ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று நானே உட்கார்ந்து வரிக்கு வரி திருத்தினேன். சர்வதேச மாநாட்டில் நிராகரித்துவிட்டார்கள். "இதில் புதிது என்ன என்பது தெளிவாக இல்லை" என்று ஒரே வரி. அவர் சோர்ந்துபோய்விட்டார். அவர் ஒப்புதலோடு ஆய்வுச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். மொழிதான் பிரச்சினையா? அடுத்த முறை நானே எழுதிக் கொடுத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஆங்கிலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் நன்றாகத்தான் திருத்தியிருக்கிறீர்கள். திருத்த வேண்டிய இடத்தைத்தான் விட்டுவிட்டீர்கள்.

முதல் வரி, விண்வெளித் துறை வேகமாக வளர்ந்துவருவதாகச் சொல்கிறது. இரண்டாவது வரி, அதில் சிறிய செயற்கைக்கோள்களின் பங்கு பெரிது என்கிறது. மூன்றாவது, வெப்பக் கட்டுப்பாடு முக்கியம் என்கிறது. ஒரு கட்டு சுருக்கங்களைப் படித்துத் தள்ள வேண்டிய மதிப்பாய்வாளருக்கு இது எதுவும் செய்தி இல்லை. அவர் அந்தத் துறையில்தான் சம்பளம் வாங்குகிறார். செய்தி ஒன்பதாவது வரியில் பதுங்கியிருக்கிறது: வெற்றிட அறையில் சோதித்தபோது பேட்டரி, கணக்கிட்டதைவிட 9 டிகிரி குளிர்ந்துபோனது. சாதாரண மேசைச் சோதனையில் அது தெரியவே இல்லை.

இதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹீட்டர் இருப்பது பேட்டரியைத் தாங்கும் சட்டத்தில். சூடு சட்டத்திலிருந்து பேட்டரிக்குப் போக வேண்டும். இரண்டு உலோகப் பரப்புகளைத் திருகி இணைத்தாலும் அவை உண்மையில் தொட்டுக்கொள்வது சில மேடுகளில் மட்டும்தான். மீதி இடுக்கு. மேசைமேல் சோதிக்கும்போது அந்த இடுக்கில் உள்ள காற்று சூட்டைக் கடத்திவிடும். வெற்றிடத்தில் அந்த உதவி கிடையாது. திருகு எவ்வளவு இறுக்கமோ, பரப்பு எவ்வளவு வழவழப்போ அந்த அளவுக்குத்தான் சூடு போகும். லித்தியம் அயனி பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். 9 டிகிரி அங்கே சின்ன விஷயம் இல்லை.

திருகுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) இல்லாமல் கையால் முடுக்கியிருந்ததைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு இறுக்கியதும் வேறுபாடு 2 டிகிரிக்குள் வந்தது என்கிறார். இதைவிட என்ன வேண்டும்? சிறிய செயற்கைக்கோள் செய்யும் மாணவர் குழுக்கள் எத்தனையோ இதே தப்பைச் செய்யக்கூடும். அவர்களுக்கு இது நாளைக் காலையே உதவும். "இதில் எழுத என்ன இருக்கிறது" என்று உங்கள் பிள்ளைகள் கேட்பது அடக்கத்தால் இல்லை என்று நினைக்கிறேன். தப்பு நடந்து சரிசெய்த கதையை ஆராய்ச்சி என்று அவர்கள் எண்ணுவதில்லை, அவ்வளவுதான். அதை எண்ணவைப்பதுதான் உங்கள் வேலை.

நீங்களே எழுதிக் கொடுப்பது வேண்டாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் கேளுங்கள்: "வேறு நாட்டில் இதே வேலை பார்க்கும் ஒருத்தருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல அனுமதி என்றால் என்ன சொல்வாய்?" வாயால் சொல்லட்டும், எந்த மொழியிலும் சொல்லட்டும். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அது முதல் வரி. சர்வதேச விண்வெளி மாநாட்டில் சுருக்கத்துக்கு 400 சொற்கள்தான் இடம். அதில் 60 சொற்களைத் துறையின் வளர்ச்சிக்குத் தானம் செய்ய நமக்கு வசதி இல்லை.

அடுத்து இன்னொரு விஷயம். சோதித்தது ஒரே ஒரு பேட்டரித் தொகுப்பு என்பதைக் கடைசி வரியில் மெல்லிய குரலில் சொல்லியிருக்கிறார். அதையும் மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். குறையை முன்னால் சொன்னால் மதிப்புக் குறையும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. அந்தப் பயம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு ஒரு ஸ்லைடு இருக்கிறது.

2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. ஏழு பேரும் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே கீழே பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு ஸ்லைடு போட்டார்கள். அதில் ஒன்றின் தலைப்பு, கணிப்பு முறை சேதத்தைக் கூட்டியே காட்டுகிறது என்ற தொனியில், ஆறுதலாக இருக்கிறது. அதே ஸ்லைடின் அடிவரிக்குப் போனால், மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம் என்றும் சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்றும் இருக்கிறது. 640 மடங்கு! கணக்கு தப்பில்லை, மறைக்கவும் இல்லை. அடியில் கிடந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி விண்ணோடம் திரும்பும்போது சிதைந்தது. விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடையே எடுத்துப்போட்டு, தொழில்நுட்பக் கட்டுரை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போடும் பழக்கத்தைக் கண்டித்தது. அந்த 1920ஐயும் 3ஐயும் தலைப்பாகப் போட்டிருந்தால் படித்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

மொழி பிரச்சினையே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ராக்கெட்டில் விண்வெளிக்குப் போகும் கணிதத்தை ரஷ்ய ராக்கெட் முன்னோடி சியால்கோவ்ஸ்கி 1903இல் ரஷ்ய மொழியில் வெளியிட்டார். 1923இல் இன்னொரு ராக்கெட் முன்னோடியான ஓபெர்த் ஜெர்மன் மொழியில் தன் கணக்குகளைப் புத்தகமாகப் போடும்போது, அது அவருக்குத் தெரியாது. இருபது ஆண்டு! ஓபெர்த் கதையும் உங்கள் குழுவில் உள்ள அந்தப் பெண்ணுக்கு உதவும். அதே வேலையை முனைவர் பட்ட ஆய்வேடாக அவர் முன்வைத்தபோது நிராகரித்துவிட்டார்கள். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

எனவே ஆங்கிலம் வேண்டும். ஆனால் கேட்கும் அரங்கிலும் பாதிப்பேருக்கு ஆங்கிலம் கடன் வாங்கிய மொழிதான். அவர்களுக்கு வேண்டியது சின்னச் சின்ன வாக்கியம், அலகு போட்ட எண், படிக்கிற அளவில் எழுத்துள்ள வரைபடம். அலகை விடாதீர்கள். 1999இல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது, விசைக்கு ஒரு பக்கம் பவுண்டு கணக்கும் மறுபக்கம் நியூட்டன் கணக்கும் வைத்திருந்ததால்தான்.

அப்புறம், நிறுவன அனுமதி. இதைச் சுருக்கம் அனுப்பும் முன்பே தொடங்கிவிடுங்கள். ராக்கெட், செயற்கைக்கோள் தொழில்நுட்பம் பல நாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அமெரிக்கச் சட்டப்படி, கட்டுப்பாட்டுக்குட்பட்ட தகவலை வேற்று நாட்டவருக்கு ஸ்லைடில் காட்டினாலே அது ஏற்றுமதிதான். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று முதலிலேயே தெரிந்தால், கடைசி வாரத்தில் நல்ல படத்தை உருவ வேண்டியிருக்காது. அந்தக் கொடுமையை அனுபவித்தவன் சொல்கிறேன்.

பணம் இல்லை என்று நின்றுவிட வேண்டாம். சர்வதேச விண்வெளிக் கூட்டமைப்பு 21 முதல் 35 வயது வரையிலான இளையோருக்கு மாநாட்டுக்கு வர உதவித்தொகை வைத்திருக்கிறது. 1999இல் வியன்னாவில் நடந்த ஐ.நா. மாநாட்டையொட்டிப் பிறந்த விண்வெளித் தலைமுறை ஆலோசனைக் குழு, 18 முதல் 35 வயதினருக்கானது. அங்கே பேசிப் பழகிவிட்டுப் பெரிய அரங்குக்குப் போகலாம்.

ஒத்திகை குறைந்தது மூன்று வைக்க வேண்டும், அதில் ஒன்றையாவது இந்த வேலை தெரியாதவர்கள் முன்னால். என் முதல் உரைக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள், நான் 27 ஸ்லைடு கொண்டுபோனேன். பதினாலாவதில் மணி அடித்துவிட்டார்கள். என் முடிவு இருபத்தைந்தாவதில் இருந்தது. கேள்வி நேரத்துக்கும் பழக்குங்கள். "அந்தச் சோதனையை நாங்கள் செய்யவில்லை" என்ற வாக்கியத்தைத் தயங்காமல் சொல்ல வர வேண்டும். அது வராமல்தான் பலர் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இணைப்பில் முதல் பெயர் உங்களுடையது, அவருடையது இரண்டாவது. பழக்கத்தில் அப்படிப் போட்டிருப்பீர்கள். அடுத்த முறை மாற்றிவிடுங்கள். மேடையில் அவர் பேசும்போது கடைசி வரிசையில் உட்காருங்கள். யாராவது கேள்வி கேட்டு அவர் மூன்று விநாடி யோசித்தால், எழுந்து மைக்கை வாங்காதீர்கள்.

அன்புடன்.