எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) வந்தவருக்கு மறதி: கேள்வி பதில்

முக்கூடலில் இருந்து: மேடம், என் வீட்டுக்காரிக்கு எம்.எஸ். வந்து ஆறு வருஷம். பீடி சுற்றுகிறாள். கட்டு போடும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடுகிறது. கை மரத்துப்போவதாலா, மூளையாலா?

அண்ணாச்சி, இரண்டும் இருக்கலாம், அதைப் பிரித்துப் பார்க்கத்தான் சோதனை. எம்.எஸ்.ஸில் நரம்பின் மேலுறை சிதைவதால் செய்தி போய்ச் சேரத் தாமதமாகிறது. பெரும்பாலும் அறிவு அப்படியே இருக்கும், வேகம்தான் முதலில் குறையும், அதனால்தான் எண்ணுவதை மட்டும் செய்தால் சரியாக வருகிற மைனிக்குப் பேச்சும் சேர்ந்தால் தப்புகிறது. நரம்பியல் டாக்டரிடம் எஸ்.டி.எம்.டி. சோதனை வேண்டும் என்று கேளுங்கள். தாளின் மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கீழே கலைந்து கிடக்கும் குறிகளில் 90 விநாடிக்குள் எத்தனைக்குச் சரியான எண் சொல்கிறார் என்று பார்ப்பார்கள். வாயால் சொன்னால் போதும், கை மரத்திருப்பது கணக்கில் வராது. பார்வை மங்கலாக இருந்தால் கெடுக்கும், கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோங்கள். படித்தது எத்தனாம் வகுப்பு என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பட்டதாரி எடுக்கும் மார்க்கோடு மைனியை ஒப்பிடக் கூடாது.

அம்பாசமுத்திரத்தில் இருந்து: அம்மாவிடம் தேதி, கிழமை, ஊர் எல்லாம் கேட்டு 30க்கு 29 போட்டார்கள். அப்புறம் ஏன் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறக்கிறார்கள்?

அந்த 30 மார்க் சோதனை அல்சைமர் மாதிரி நோய்களைக் கண்டுபிடிக்கத்தான் அதிகம் உதவும், அதில் வேகத்தை அளப்பதே இல்லை. அந்த 29ஐக் காட்டி "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபமே வரும், வீட்டில் படுகிற கஷ்டம் பொய்யா? பைகேம்ஸ் என்று கால் மணி நேரத் தொகுப்பு ஒன்று இருக்கிறது: மேலே சொன்ன குறிச் சோதனை, கேட்ட சொற்களைத் திருப்பிச் சொல்வது, பார்த்த படங்களை நினைவில் இருந்து வரைவது. அதைக் கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் இருந்து: அக்கா, வயது 24, போன மாதம்தான் எம்.எஸ். என்றார்கள். மறதியே இல்லை. எனக்கும் தேவையா?

உங்களுக்குத்தான் ரொம்பத் தேவை தம்பி. எம்.எஸ். வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தத் தொந்தரவு வருகிறது, நன்றாக நடமாடுகிறவர்களுக்கும் வரும். இன்றைய மார்க் கையில் இருந்தால்தான் பின்னால் குறைந்ததா என்று தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை எடுங்கள். குறிச் சோதனையில் 4 மார்க் இறங்கினாலே டாக்டரிடம் பேச வேண்டும்.

தென்காசியில் இருந்து: சித்திரை வெயிலில் மட்டும் மண்டை ஓடவே மாட்டேன் என்கிறது.

உடம்பு சூடானால் எம்.எஸ். அறிகுறிகள் கொஞ்ச நேரம் கூடும், குளிர்ந்ததும் தணியும். அதனால் நன்றாகத் தூங்கிவிட்டுக் காலையிலேயே சோதனைக்குப் போங்கள், பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்போடு உட்கார வேண்டாம். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு, சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மாத்திரைகள் இவையும் மூளையை மந்தமாக்கும். மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மேலப்பாளையத்தில் இருந்து: சோதனையில் குறைவு என்று வந்தால் அரசு வேலை போய்விடுமா?

போகாது. 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். இருக்கிறது, பணியில் இருக்கும்போது ஊனம் வந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ முடியாது. செய்கிற வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு இடம் தர வேண்டும். பயந்து சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் அண்ணே.